செவித்திறன் குறைந்த மகளுக்கு அமெரிக்காவில் எஞ்சினியரிங்: அரசுப் பணம் எந்த வாசலில் இருக்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் இருக்கிறீர்கள். போன வருடம்தான் கிரீன் கார்டு வந்தது. மகள் பதினொன்றாம் வகுப்பு. இரண்டு காதிலும் கேட்கும் திறன் வெகுவாகக் குறைவு, கருவி போட்டிருக்கிறாள். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். "அறிவியல், பொறியியலில் குறைவாக இருக்கும் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு பணம் தருகிறதாமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்? இந்தியர்கள் அந்தப் பட்டியலில் உண்டா? 2025-ல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள் என்பது உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், மாற்றுத்திறன் மாணவர்களுக்கான அலுவலகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். இதே கேள்வியோடு வருகிற பெற்றோர்களை வருடம் தவறாமல் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒரு வருடம் தாமதமாக வருவார்கள். நீங்கள் பதினொன்றாம் வகுப்பிலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று.

முதலில் கசப்பை விழுங்கிவிடுங்கள். "அறிவியல் படிக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு" என்று பெயர் எழுதி வைத்திருக்கும் அரசுப் பணம் கொஞ்சம்தான். அதிலும் பெரும்பகுதி மாணவர் கைக்கு வருவதே இல்லை, கல்லூரிக்குப் போகும். உங்கள் மகளுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய பெரிய தொகை வேறோர் இடத்தில் இருக்கிறது. அறிவியலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும், பெயரைக் கேட்டாலே தூக்கம் வரும். அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

பட்டியல் விஷயம். அமெரிக்க அரசு ஆவணங்களில் "அண்டர்ரெப்ரசென்டட்" என்ற சொல்லுக்குக் குறிப்பான பொருள் உண்டு. மக்கள்தொகையில் ஒரு பிரிவினர் எத்தனை சதவீதமோ, அதைவிட அறிவியல் படிப்பிலும் வேலையிலும் குறைவாக இருந்தால்தான் அந்தப் பெயர். கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் மக்கள், பூர்வகுடிகள் அதில் வருவார்கள். ஆசியர்கள் வரமாட்டார்கள். நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் சயன்ஸ் வகுப்புகளில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே காரணம் புரியும். ஆக, இந்தியர் என்ற அடையாளத்தில் உங்களுக்கு இதில் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் மகள் வேறு இரண்டு வழியில் உள்ளே வருகிறாள். பெண்களும் எஞ்சினியரிங்கில் குறைவு. இளநிலைப் பட்டங்களில் கால்வாசிக்கும் கீழேதான் பெண்கள் வாங்குகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் மூன்றாவது பிரிவு, அதில் இனம் பார்ப்பதில்லை.

இந்தக் கணக்கெடுப்புக்கே ஒரு சட்டம் இருக்கிறது. 1980-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அறிவியல், பொறியியலில் சம வாய்ப்புக்கான சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை யார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்ல வேண்டும் என்று தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு உத்தரவு. 1982-ல் வந்த முதல் அறிக்கையின் தலைப்பில் பெண்களும் சிறுபான்மையினரும் மட்டும்தான் இருந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் பிற்பாடு சேர்க்கப்பட்டவர்கள். 2023 அறிக்கையின்படி, 2021-ல் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வேலைகளில் இருந்தவர்களில் பெண்கள் 35%, மாற்றுத்திறனாளிகள் 3%. இன்னொரு பக்கம், 2019-20-ல் எடுத்த மத்திய அரசுக் கணக்கில் இளநிலை மாணவர்களில் 21% பேர் தங்களுக்கு ஏதோ ஒரு குறைபாடு இருப்பதாகச் சொன்னார்கள். இந்த 21-ஐயும் 3-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. நேராக ஒப்பிட முடியாது. மாணவர் கணக்கில் மனச்சோர்வு, கவனக்குறைவு எல்லாம் சேர்கிறது. வேலைக் கணக்கு அப்படிக் கேட்பதில்லை, பார்க்க, கேட்க, நடக்கச் சிரமமா என்ற வகையில் கேட்கிறது. அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இடையில் எங்கோ நிறையப் பேர் உதிர்ந்துபோகிறார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

சரி, பணம் எப்படிப் போகிறது? தேசிய அறிவியல் அறக்கட்டளையை இனி என்எஸ்எஃப் என்கிறேன், இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பொதுவாகப் பேராசிரியர்களுக்கும் கல்லூரிகளுக்கும்தான் மானியம் தரும். உதாரணமாக 1991-ல் தொடங்கிய எல்சாம்ப் திட்டம். ஒஹாயோ மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் ஸ்டோக்ஸ் பெயரைத் தாங்கியது. சிறுபான்மை மாணவர்கள் அறிவியல் பட்டத்தை இடையில் விட்டுவிடாமல் முடிப்பதற்காகப் பல கல்லூரிகளை ஒரு கூட்டணியாகச் சேர்த்து, அந்தக் கூட்டணிக்குப் பணம். மாணவருக்கு அது கோடைக்கால ஆராய்ச்சிச் சம்பளமாகவோ, பாடம் சொல்லித்தரும் சீனியராகவோ வந்து சேரும். மாற்றுத்திறன் பக்கம் பார்த்தால், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1992-ல் என்எஸ்எஃப் பணத்தில் தொடங்கிய "டூ-இட்" மையம். பள்ளி மாணவர்களுக்குக் கணினியும் வழிகாட்டிகளும் கொடுத்து, கல்லூரிக்குத் தயார் செய்தது. ஆய்வுக்கூடத்தை எப்படி அமைத்தால் சக்கர நாற்காலியில் வருபவரும், பார்வை இல்லாதவரும், காது கேளாதவரும் வேலை செய்யலாம் என்று அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளை நாங்கள் இன்றும் பிரித்துப் பார்க்கிறோம். இது போன்றவற்றுக்கு நீங்கள் நேராக விண்ணப்பம் போட முடியாது. சேரப்போகும் கல்லூரியில் அப்படி ஒரு மானியம் ஓடிக்கொண்டிருந்தால் அதன் பலன் கிடைக்கும், அவ்வளவுதான்.

மாணவருக்கே ஸ்காலர்ஷிப்பாகப் போகும் என்எஸ்எஃப் பணம் ஒன்று உண்டு, எஸ்-ஸ்டெம். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? வெளிநாட்டு ஊழியர்களுக்கான எச்-1பி விசாவிலிருந்து. 1998-ல் எச்-1பி எண்ணிக்கையை உயர்த்தியபோது, ஆள் கூப்பிடும் நிறுவனம் ஒரு கட்டணம் கட்ட வேண்டும், அது அமெரிக்க மாணவர்களின் படிப்புக்குப் போக வேண்டும் என்று சட்டத்தில் எழுதினார்கள். இன்று பெரிய நிறுவனத்துக்கு 1,500 டாலர், 25 பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு 750 டாலர். அதில் 30% வருமானம் குறைந்த குடும்பத்து அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு. 2025 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் வேறு, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நம்மூரிலிருந்து எச்-1பியில் வந்த ஒவ்வொருவர் பெயரிலும் ஏதோ ஒரு நிறுவனம் இந்தக் கட்டணத்தைக் கட்டியிருக்கும். ஆனால் எச்-1பிக்காரர்களின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஸ்காலர்ஷிப் கிடையாது. குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள், அகதிகளுக்கு மட்டும்தான். கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. உங்களுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதால் அந்தத் தடை இல்லை, குடும்ப வருமானம்தான் குறுக்கே நிற்கலாம். வருமானம் குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்டும் அப்படித்தான். 2025-26-க்கு உச்சத் தொகை 7,395 டாலர், ஆனால் இரண்டு பேர் ஐடியில் சம்பாதிக்கும் வீட்டுக்கு அது வருவது அபூர்வம். ஆனாலும் ஃபாஃப்ஸா என்ற மத்திய அரசின் நிதி உதவிப் படிவத்தை நிரப்பியே ஆக வேண்டும். ஏன் என்று பின்னால் வரும்.

மாநிலங்கள் தனியாக நடத்தும் திட்டங்களும் உண்டு. நியூயார்க் மாநிலம் 1985-லிருந்து ஸ்டெப் என்ற பெயரில் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அறிவியல் பயிற்சிக்குப் பணம் தருகிறது. கறுப்பின, ஹிஸ்பானிக், பூர்வகுடி மாணவர்கள் நேரடியாகத் தகுதி பெறலாம், மற்றவர்கள் ஏழ்மையைக் காட்ட வேண்டும். இதை எதிர்த்து 2024 ஜனவரியில் ஆசிய அமெரிக்கப் பெற்றோர் சார்பில் வழக்குப் போட்டார்கள். நம்மவர்களிடையே இது குறித்து இரண்டு கட்சி உண்டு, நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: இனம் சார்ந்த திட்டங்கள் எல்லாம் இப்போது நீதிமன்ற வாசலில் நிற்கின்றன. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு வழக்கில், கல்லூரிச் சேர்க்கையில் இனம் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து அப்படித்தான்.

இனி 2025. நிறுத்தியது உண்மைதான், ஆனால் எல்லாவற்றையும் இல்லை. அந்த வருடம் ஏப்ரல் 18 அன்று என்எஸ்எஃப் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பங்கேற்பைப் பெருக்கும் முயற்சிகள் எல்லா அமெரிக்கருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், ஒரு பிரிவினருக்குச் சலுகை காட்டி இன்னொரு பிரிவினரை விலக்கக் கூடாது என்றது. அன்றிலிருந்து சில வாரங்களில் ஓடிக்கொண்டிருந்த மானியங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ரத்து செய்தார்கள். கல்விப் பிரிவுக்குத்தான் பலத்த அடி.

அப்போது என்எஸ்எஃப் தலைவராக இருந்தவர் சேதுராமன் பஞ்சநாதன். சென்னை விவேகானந்தா கல்லூரியில் இயற்பியல், அப்புறம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், ஐஐடி மெட்ராஸ் என்று படித்துவிட்டுக் கனடா போனவர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய ஆய்வு மையத்தின் முக்கிய வேலையே பார்வையற்றவர்களுக்கு உதவும் கருவிகள். எதிரே வந்து பேசுபவர் யார், அவர் முகத்தில் என்ன பாவம் என்று பார்வையில்லாதவருக்குச் சொல்லும் கருவி போன்றவை. வாழ்நாளில் பாதியை இந்தப் பிரச்சினைக்குக் கொடுத்த ஒருவர் தலைமையில் இருந்தபோதே அந்த அறிவிப்பும் வந்தது. ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 24 அன்று, அவர் பதவி விலகினார்.

ஆக, ரத்தான மானியங்களில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கானவையும் அடிபட்டன. ஆனால் இதற்குள் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மானியம் என்பது ஓர் அலுவலகம் முடிவெடுத்துக் கொடுப்பது, இன்னோர் அலுவலகம் நிறுத்திவிடலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு மானியத்துக்கு அப்பால் சட்ட உரிமை இருக்கிறது. அது 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு. அரசுப் பணம் ஒரு டாலர் வாங்கினாலும் அந்த நிறுவனம் உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டம் வந்தும் நான்கு வருடம் விதிகளில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரலில் உரிமைப் போராளி ஜூடித் ஹ்யூமன் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் சான் ஃபிரான்சிஸ்கோவில் மத்திய அரசு அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள், மூன்று வாரத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. 28-ஆம் தேதி கையெழுத்தானது. 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதைத் தனியார் துறைக்கும் விரித்தது. இந்த இரண்டு சட்டத்துக்கும் குடியுரிமை ஒரு பொருட்டில்லை, எச்-4 பிள்ளைக்கும் செல்லும். டெக்சாஸில் 2024 ஜனவரி முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்களை மூடச் சொன்ன மாநிலச் சட்டமும் இனம், பாலினம் பற்றியதுதான். மாற்றுத்திறன் மாணவர் அலுவலகங்கள் வழக்கம்போல நடக்கின்றன.

504 உங்கள் மகளுக்கு எஞ்சினியரிங் கல்லூரியில் என்ன தரும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வகுப்பில் ஆசிரியர் பேசுவதை ஒருவர் உடனுக்குடன் தட்டச்சு செய்ய, அவள் திரையில் எழுத்தாக ஓடும். அதற்கு மணிக்கணக்கில் கூலி. சைகை மொழி தெரிந்தால் மொழிபெயர்ப்பாளர். இந்தச் செலவில் ஒரு பைசாவைக்கூட மாணவரிடம் கேட்கக் கூடாது, கல்லூரியின் பொறுப்பு. நான்கு வருடத்துக்கு இது எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டால் பல ஸ்காலர்ஷிப்களை விடப் பெரிது. யாரும் இதை "நிதி உதவி" என்று சொல்வதில்லை என்பதால் பெற்றோர் கண்ணில் படுவதில்லை. "கம்ப்யூட்டரே எழுத்துப் போட்டுவிடுமே, ஆள் எதற்கு?" என்று சில துறைகளில் கேட்பார்கள். சாதாரணப் பேச்சுக்குத் தானியங்கி எழுத்துப் போதும். வெப்ப இயக்கவியல் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு "என்ட்ரபி, என்தால்பி" என்று மாறிமாறிச் சொல்லும்போது அந்தக் கருவி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், அன்றைய பாடமே போச்சு.

வகுப்பை விட ஆய்வுக்கூடம்தான் எனக்கு எப்போதும் கவலை. மெக்கானிக்கல் என்றால் பட்டறை உண்டு, லேத் ஓடும், காற்றுறிஞ்சி இரையும். அந்தச் சத்தத்தில் காதுக்கருவி எல்லாவற்றையும் பெரிதாக்கித் தரும், பேச்சு மட்டும் அதில் மூழ்கிவிடும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் எதிரில் இருப்பவர் முகக்கவசம் போட்டிருப்பார். எங்களிடம் இருந்த ஒரு மாணவி முதல் வருடம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் தலையாட்டியே ஓட்டிவிட்டாள். கூட்டாளி செய்வதைப் பார்த்து அப்படியே செய்வாள். மதிப்பெண் வந்துவிட்டது. ஆனால் இரண்டாம் வருடத்தில் தனியாக ஓர் இயந்திரத்தை ஓட்டச் சொன்னபோது உறைந்து நின்றாள். அப்போதுதான் எங்களிடம் வந்தாள். செய்முறையை முன்கூட்டியே எழுத்தில் கொடு, ஆபத்து மணிக்குப் பதில் விளக்கு எரியட்டும், விளக்கம் சொல்லும்போது இயந்திரத்தை நிறுத்து என்று மூன்றே மூன்று ஏற்பாடு. செலவென்று பார்த்தால் அந்த விளக்கு மட்டும்தான். ஒரு வருடம் யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் செய்யவில்லை.

இதுதான் பள்ளிக்கும் கல்லூரிக்கும் உள்ள பெரிய பள்ளம். பள்ளியில் வேறு சட்டம், 1975-ல் வந்தது. பிள்ளையைத் தேடிப் பிடித்து, பரிசோதித்து, ஐஇபி என்ற தனிநபர் கல்வித் திட்டம் எழுதி, வேண்டியதைச் செய்வது பள்ளியின் கடமை. பள்ளிப் பட்டயம் கையில் வந்த அன்று அந்தச் சட்டம் முடிந்துபோகிறது. கல்லூரியில் மாணவரே வந்து "எனக்கு இது இருக்கிறது, எனக்கு இது வேண்டும்" என்று சொன்னால்தான் எங்கள் கோப்பே திறக்கும். குறைபாடுள்ள மாணவர்களில் பெரும்பாலோர் கல்லூரியிடம் சொல்வதே இல்லை என்று மத்தியக் கல்விப் புள்ளிவிவர மையம் 2022-ல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. நம் வீடுகளில் இது இன்னும் கூடுதல். "எதற்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு?" என்று நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம்.

கல்லூரி தராத ஒன்று, சொந்த உபயோகக் கருவிகள். காதுக்கருவி, கண்ணாடி மாதிரியானவை அதன் பொறுப்பில்லை. இந்த இடத்தில்தான் ஆரம்பத்தில் சொன்ன அந்தத் தூக்கம் வரும் பெயர் வருகிறது: வொகேஷனல் ரிஹேபிலிடேஷன், சுருக்கமாக விஆர். டெக்சாஸில் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனின் கீழ் இருக்கிறது. செலவில் நூற்றுக்கு 78.7 டாலர் மத்திய அரசு, மீதி 21.3 மாநிலம். உடற்குறை உள்ளவரை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. அதற்குப் படிப்புத் தேவை என்றால் கல்லூரிக் கட்டணம், புத்தகம், காதுக்கருவி, கணினி, சில சமயம் போக்குவரத்துகூடத் தரலாம். பெயரைப் பார்த்துவிட்டு, அடிபட்டு வேலை இழந்தவர்களுக்கானது என்று நினைத்து நம்மவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. பள்ளி மாணவர்களுக்கென்றே தனி ஒதுக்கீடு இருக்கிறது. 2014-ல் வந்த சட்டத்தின்படி மத்திய அரசு தரும் விஆர் பணத்தில் 15%-ஐ மாணவர்களை வேலை உலகத்துக்குத் தயார் செய்ய ஒதுக்கியே ஆக வேண்டும். கோடையில் சம்பளத்தோடு வேலைப் பயிற்சி, கல்லூரி ஆலோசனை, தனக்கு வேண்டியதைத் தானே கேட்கப் பழகுவது எல்லாம் அதில் வரும். இப்போதே பள்ளி ஆலோசகரிடம் இதைக் கேளுங்கள், இந்தக் கோடையை விட்டுவிட வேண்டாம்.

விண்ணப்பித்தால் 60 நாளுக்குள் தகுதி உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். தகுதி கிடைத்தபின் 90 நாளுக்குள் ஐபிஇ என்ற தனிநபர் வேலைத் திட்டம் எழுத வேண்டும். பள்ளியில் ஐஇபி, இங்கே ஐபிஇ. ஓர் எழுத்து இடம் மாறியதில் எத்தனை பேர் குழம்பியிருக்கிறார்களோ! இந்த ஐபிஇயின் மேலே "வேலை இலக்கு" என்று ஒரு வரி இருக்கும். மொத்தப் பணமும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வரும். அங்கே "மெக்கானிக்கல் எஞ்சினியர்" என்று இருந்தால் நான்கு வருடப் பட்டம் தேவை என்பது தானாக வந்துவிடும். "கேட் வரைவாளர்" (கணினியில் வரைபடம் போடுபவர்) என்று இருந்தால் இரண்டு வருடச் சான்றிதழோடு கணக்கு முடிந்தது. ஆலோசகர்களில் நல்லவர்கள் நிறைய, ஆனால் ஒருவர் தலையில் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்பு இருக்கும். சீக்கிரம் வேலைக்கு அனுப்பிக் கோப்பை மூடும் வழியைச் சொல்வது அவர்களுக்கு இயல்பு. கனிவாகவே சொல்வார்கள்: "முதலில் சின்னதாகத் தொடங்கலாமே?" அப்போது, அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத்தில் உயர்படிப்புக்கு ஊக்கம் தர வேண்டும் என்று அதே 2014 சட்டத்தில் எழுதியிருக்கிறது என்பதை மகளே மரியாதையாக எடுத்துச் சொல்லட்டும். மதிப்பெண் பட்டியல், கணக்குப் பாட வகுப்புகள், ரோபோ குழுவில் இருந்தால் அது, எல்லாம் கையில் இருக்கட்டும். ஒத்துவரவில்லை என்றால் முறையிட ஒவ்வொரு மாநிலத்திலும் தனி அமைப்பு உண்டு. டெக்சாஸில் டிஸெபிலிட்டி ரைட்ஸ் டெக்சாஸ் அந்த வேலையைச் செய்கிறது, காசு வாங்குவதில்லை.

விஆரில் சில கண்ணிகள் உண்டு. மற்ற கிராண்டுகளுக்கு முயன்று பார்த்த பிறகுதான் கல்லூரிக் கட்டணத்தைக் கொடுப்பார்கள், ஃபாஃப்ஸா நிரப்பச் சொன்னது அதற்குத்தான். வருமானம் அதிகமான வீட்டில் ஒரு பங்கை நீங்களே போடச் சொல்லலாம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பணம் பற்றாத மாநிலங்களில் கடுமையான குறைபாடு உள்ளவர்களை முதலில் வைத்து, மற்றவர்களை வரிசையில் நிற்கவைப்பார்கள். இதையெல்லாம் விட முக்கியம்: திட்டத்தில் கையெழுத்தாகும் முன் நீங்களாகச் செலவு செய்த பணம் திரும்ப வராது. "முதல் செமஸ்டர் நாங்கள் கட்டிவிடுகிறோம், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்" என்று தொடங்கியவர்கள் அந்த செமஸ்டரைத் தொலைத்ததுதான் மிச்சம்.

டெக்சாஸ்காரர்களுக்கு இன்னொரு வாசல். காது கேளாத, பார்வையற்ற மாநிலவாசிகளுக்கு அரசுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணத்தையே மாநிலச் சட்டம் தள்ளுபடி செய்கிறது. வருமான வரம்பு இல்லை. ஆனால் "காது கேளாதவர்" என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் கறாரானது: சிகிச்சை, கருவி எல்லாவற்றுக்கும் பிறகும் சாதாரண உரையாடல் புரியாத அளவுக்குக் குறைபாடு இருக்க வேண்டும். அதற்கான சான்றை மாநிலச் சுகாதார, மனிதச் சேவைத் துறையின் காது கேளாதோர் அலுவலகம் தருகிறது. உங்கள் மகள் அதில் வருவாளா என்பதை ஆடியோகிராம் என்ற கேட்புச் சோதனை வரைபடம் மட்டும் சொல்லாது. கருவியோடு பேச்சை எவ்வளவு புரிந்துகொள்கிறாள் என்ற சோதனையையும் செவியியல் நிபுணரிடம் கேட்டு எடுத்துவையுங்கள்.

மாநிலத்தை விட்டு அனுப்பத் தயங்கமாட்டீர்கள் என்றால் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் இருக்கும் காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்பக் கழகத்தைப் பாருங்கள். 1965-ல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்தது, 1968-ல் முதல் மாணவர்கள். ஆர்ஐடி என்ற பெரிய தனியார் பல்கலைக்கழகத்துக்குள் மத்திய அரசுப் பணத்தில் இயங்குகிறது. இங்கே சேரும் மாணவர் ஆர்ஐடியின் எஞ்சினியரிங் வகுப்பில் மற்றவர்களோடு உட்கார்ந்தே படிக்கலாம், கட்டணம் மட்டும் வழக்கமான ஆர்ஐடி கட்டணத்தில் பாதிக்கும் குறைவு. சைகை மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. என் கருத்தைக் கேட்டால், பணத்துக்காக இல்லாவிட்டாலும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உணவுக்கூடத்தில் நூறு பேர் கையால் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் இடத்தை உங்கள் மகள் இதுவரை பார்த்திருக்க வாய்ப்பில்லை.

வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் எஸ்எஸ்ஐ மாத உதவித்தொகை பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். 18 வயதானதும் பெற்றோர் வருமானத்தைச் சேர்க்கமாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆக வேண்டும், இன்னும் சில நிபந்தனைகளும் உண்டு. இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இது உங்களுக்கு, மகளுக்கு இல்லை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் கோப்பு அவளுடையது. 1974-ல் வந்த கல்வித் தனியுரிமைச் சட்டப்படி, அவள் எழுதிக் கொடுக்காமல் நீங்கள் போன் செய்தால் பொதுவாக நான் எதுவும் சொல்ல முடியாது. அப்பாக்கள் கோபப்படுவார்கள், அம்மாக்கள் அழுவார்கள், நானும் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பேன். அதனால் அடுத்த ஐஇபி கூட்டத்தில் நீங்கள் பேசாமல் இருந்து பாருங்கள். எந்தச் சத்தத்தில் தனக்குக் கேட்கவில்லை, எங்கே உட்கார்ந்தால் புரிகிறது, எழுத்து ஓடினால் எவ்வளவு வித்தியாசம் என்பதை அவளே சொல்லட்டும். முதல் தடவை தடுமாறுவாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் இன்னும் ஒன்றிரண்டு கூட்டம் இருக்கிறதே. அந்தக் கூட்டத்துக்கு விஆர் ஆலோசகரையும் அழைக்கச் சொல்லிப் பள்ளிக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.